நப்தாலி கைபட்ட கோழிகள்

“பதினாலு கோழி. பதினாலும் குறட்டை விடுது. இதுக்கா எங்கப்பா உங்க கையில கத்தியக் குடுத்தாரு?”

மல்கா இதைக் கேட்பது அந்த வாரத்தில் ஆறாவது முறை. ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை. கான்வென்ட்டில் பதினோரு வருஷம் காலை ஜெபம் ஒப்பித்த அதே ஏற்ற இறக்கம், அதே இடத்தில் மூச்சு, முடிக்கும்போது கரண்டியால் அம்மிக்கல்லில் ஒரு தட்டு. கொல்லையில் பலாமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவள் கணவர் நப்தாலி, மடியில் துவண்டு கிடந்த சிவப்புச் சேவலின் கொண்டையைத் தடவிக்கொண்டே, “குறட்டைன்னு சொல்லாத மல்கா. அசந்து மூச்சு விடுதுங்க,” என்றார்.

“அசந்து மூச்சு விடுறதுக்கு இது என்ன லாட்ஜா?”

சேவல் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துவிட்டு, பார்த்தது பிடிக்காமல் மறுபடி மூடிக்கொண்டது.

சங்குமுனைத் துறைமுகத்தில் யூதக் குடும்பங்கள் பதினொன்று. கொச்சியிலிருந்து கப்பல் கயிறு விற்க வந்தவர்களின் வாரிசுகள், கயிறு வியாபாரம் போன பிறகும் போகாதவர்கள். ஊரில் மற்றவர்கள் நாக்கு கேட்டதைத் தின்ன, இவர்கள் மட்டும் வேதம் சொன்ன முறையில் அறுத்த இறைச்சியைத்தான் தின்பார்கள். அப்படி அறுக்கிறவருக்கு ஷோஹெத் என்று பெயர், அந்த ஊருக்கு ஒரே ஒரு ஷோஹெத், அவருக்கு ஜெபக்கூடத்தின் பின்சுவரை ஒட்டி ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, ஒரு பலாமரம், கோழி ரத்தம் விழுகிற இடத்தில் கொட்டி மூட ஒரு பெட்டி மணல். கத்தி யார் கையிலோ வீடு அவர் கையில். மல்கா அந்த வீட்டில் பிறந்தவள். நாற்பது வருஷம் அங்கே அறுத்த அவள் அப்பாவுக்கு ஆண்பிள்ளை இல்லாததால் கத்தி மருமகனுக்கு வந்தது, கல்யாணப் பந்தலிலேயே, பூப்போட்ட தட்டில் வைத்து. அதைப் பார்த்ததும் மாப்பிள்ளையின் முகம் வெளுத்துப்போனதை எல்லாரும் வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

பதினெட்டு வருஷம் நப்தாலி அறுத்தார். வியாழக்கிழமைதோறும், சனிக்கிழமை ஓய்வுநாளுக்காக, ஒவ்வொரு வீட்டுக் கோழியையும் வாங்கி, முதலில் தடவிக்கொடுத்து, பேர் கேட்டு (கோழிக்கு யார் பேர் வைப்பார்கள், அதனால் அவரே ஒன்று வைத்து), ஆசி சொல்லி, அறுத்து, பிறகு அரைமணி நேரம் கிணற்றடியில் போய் உட்கார்ந்துவிட்டு வந்து அடுத்த கோழியை எடுப்பார். காலை ஆறு மணிக்கு வரிசையில் நின்றவர்கள் மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பதினெட்டு வருஷத்தில் அவர் ஒரு துண்டு கோழிக்கறி வாயில் வைத்ததில்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்வார், மல்காவும் அதற்கு ஓமத்தண்ணீர் கொடுப்பாள்.

ஆனி மாதத்து ஒரு வியாழக்கிழமை, அவர் கையில் எடுத்த கோழி தூங்கிவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. மின்னலும் இல்லை, குரலும் இல்லை. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது, இமை கீழிருந்து மேலே வந்து மூடியது, உலுக்கினால் விழிக்கவில்லை, தண்ணீர் தெளித்தால் விழிக்கவில்லை, நப்தாலி பத்தடி தள்ளிப் போனதும் எழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி மணலைக் கிளறியது. அடுத்த கோழியும் அப்படியே. அதற்கடுத்து வந்தது வாத்து. அது காலை நீட்டிக்கொண்டு தூங்கியது.

“அப்படியே அறுத்துடுங்க. தூங்கிக்கிட்டே போகட்டும், புண்ணியமாப் போகும்,” என்றாள் மல்கா.

அறுத்தார். கோழி துடிக்கவில்லை. அங்கேதான் சிக்கல் வந்தது. மெயிர் மூப்பர் பகலில் குடைக்கடை வைத்திருப்பவர், மற்ற நேரத்தில் பதினொரு குடும்பத்துக்கும் வேதம், சட்டம், பஞ்சாயத்து எல்லாம் அவர்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். துவண்டு கிடக்கிற கோழி அறுபட்டதும் ஒரு உதறு உதறினால்தான் அது உயிரோடு இருந்தது என்று சாட்சி. உதறாத கோழி அதற்கு முன்பே செத்ததாகக்கூட இருக்கலாம், செத்ததை அறுத்தால் தின்னக்கூடாது. “சந்தேகம்,” என்றார் மூப்பர். “சந்தேகம்னா நாய்க்கு.” அன்றைக்கு ஊர் நாய்கள் ஓய்வுநாளை யூதர்களைவிட நன்றாகக் கொண்டாடின.

பதினொரு குடும்பமும் உட்கார்ந்து யோசித்தது. கோழியை வேறொருவர் பிடித்துக்கொள்ளட்டும், நப்தாலி கையை மட்டும் நீட்டட்டும் என்றார்கள். பிடித்துக்கொண்ட தையற்காரர் இசக்கார், கோழியும் தானுமாகப் பலாமரத்தில் சாய்ந்து தூங்கி, அன்று தைக்க வேண்டிய மூன்று ரவிக்கையும் நின்றுபோனது. கோபம் வந்தால் கையின் குணம் மாறும் என்றார்கள். அதற்கு மல்காவிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அவள் முக்கால் மணி நேரம், அவருடைய அக்கா தங்கைகளில் தொடங்கி, அவர் சோற்றைப் பிசைகிற விதம் வரைக்கும் ஒன்றையும் விடாமல் திட்டினாள். நப்தாலி கேட்டு முடித்துவிட்டு, “தொண்டை காஞ்சிருக்கும், மோர் எடுத்துட்டு வரட்டா?” என்றார். கைகளைப் பார்த்தால் அதே கைதான்.

மீன் அறுக்க ஷோஹெத் வேண்டாம் என்பதால் மீன் தின்றார்கள். அதுவும் செதிலும் துடுப்பும் உள்ளதாக; ஊரே சுறாப்புட்டும் இறால் தொக்குமாக மணக்க, இவர்கள் திங்கள் சாளை, செவ்வாய் சாளை, புதன் பாறை மீன், ஓய்வுநாளில் சாளையை வேறு பாத்திரத்தில் வைத்துத் தின்றார்கள். இருந்தாலும் நம்பிக்கை விடாமல் வியாழக்கிழமைதோறும் கோழியைக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள். யாரும் திரும்ப வாங்கவில்லை. கொல்லையில் பதினாலு, இருபத்தெட்டு என்று ஏறிக்கொண்டே போய், மணல் பெட்டியில் ஒன்று முட்டையிட்டு அடைகாக்கவே ஆரம்பித்துவிட்டது.

பக்கத்து வீட்டு ரஹ்மத் லாத்தா தான் முதலில் மதிலுக்கு மேல் எட்டிப்பார்த்து விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது. அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை மூன்று மாதமாக இரவு பகல் தெரியாமல் வீறிட்டது. “மச்சான், இதையுங் கொஞ்சம் தொட்டுப் பாருங்களேன்,” என்று மதிலுக்கு மேலாகவே குழந்தையை நீட்டினாள். நப்தாலி வாங்கித் தோளில் போட்டார். குழந்தை ஒரு விக்கல் விக்கிவிட்டு அசந்தது. மகள் தொப்பென்று தரையில் உட்கார்ந்து அழுதாள்; அழுதபடியே தூங்கினாள். மதிலைப் பிடித்து நின்ற லாத்தா, “யா அல்லாஹ், எங்க ஊட்டுல மூணு மாசத்துக்குப் பொறவு அடுப்புச் சத்தம் கேக்குது,” என்றாள்.

அதன் பிறகு வந்தவர்களைக் கொல்லை கொள்ளவில்லை. இந்த ஊருக்கு மாற்றலாகி வந்ததிலிருந்து தூக்கமில்லாத சப்-இன்ஸ்பெக்டர் வந்தார், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார், அந்த இரண்டு மணி நேரத்தில் சங்குமுனையில் குற்றம் எதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் குற்றம் செய்யக்கூடிய இரண்டு பேரும் அடுத்த பெஞ்சில் தூங்கினார்கள். பகலில் தூங்க வேண்டிய கலங்கரை விளக்கக்காரர் வந்தார். பரீட்சைப் பயத்துப் பிள்ளைகள் வந்தார்கள். யாராவது பூசணிக்காயோ தேங்காயோ வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். நப்தாலி கேட்டதும் இல்லை, எண்ணியதும் இல்லை. தபால்காரர் ‘தூக்கக்காரர் வீடு’ என்று எழுதிய கடிதங்களை யோசிக்காமல் கொண்டுவந்து போட்டார்.

கான்வென்ட்டிலிருந்து மதர் ஜெர்த்ரூதும் வந்தார். பதினோரு வருஷமும் மல்காவை வகுப்புக்கு வெளியே நிறுத்தி, “பொறுமை, மல்கா, பொறுமை” என்று சொன்னவர்; மூன்று மணி நேரப் பரீட்சையை ஐம்பது நிமிஷத்தில் எழுதிவிட்டு எழுந்து நின்ற குற்றத்துக்காக. பெஞ்சில் உட்கார்ந்து, வாயைத் திறந்துகொண்டு, இடுப்பில் ஜெபமாலை சரிய அவர் தூங்குவதை மல்கா சமையலறை வாசலிலிருந்து சற்று நேரம் பார்த்தாள். பார்த்துவிட்டு ஒரு தலையணை கொண்டுவந்து வைத்தாள், கொஞ்சம் முரட்டுத்தனமாக.

அவளுக்கு மட்டும் அந்தக் கை வேலை செய்யவில்லை. ஒரு நாள் எரிச்சலில் தலையை நீட்டி, “எனக்கும் வையுங்க, பார்க்கலாம்,” என்றாள். வைத்தார். அவள், “ஆச்சா? பால் பொங்குது, எடுங்க,” என்றாள்.

ஆவணி பிறந்தபோது கை படவும் தேவையில்லாமல் போனது. நப்தாலி முனகினாலே போதும். ஜெபக்கூடத்தில் அவர் பாடுகிற முறை வந்த ஓய்வுநாளில் முதல் அடி முடிவதற்குள் ஆண்கள் ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள், மெயிர் மூப்பர் வேதச்சுருளைக் குழந்தையைப்போல் அணைத்துக்கொண்டு தூங்கினார், மாடியில் பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சரிந்தார்கள். மல்கா மட்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து, “ஏங்க, நிறுத்துங்க, சுருள் கீழ விழப்போகுது,” என்றாள். அன்றிலிருந்து ஜெபக்கூடத்தில் நப்தாலி உதடு மட்டும் அசைக்கலாம் என்று தீர்மானமாகி, அதையும் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். எதைத்தான் பழகிக்கொள்ள மாட்டார்கள். பழகிக்கொள்ள முடியாதது சாளை மீன் ஒன்றுதான்.

ஆகவே மெயிர் மூப்பர் பம்பாய்க்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. ஒரு ஷோஹெத் ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வருகிறார். வீடு காலியாக, வெள்ளையடித்து இருக்க வேண்டும். அவர் மனைவிக்குப் பலாப்பழ வாசனை ஆகாது என்பதால் கொல்லையில் மரம் இருந்தால் வெட்டிவிட வேண்டும். மூப்பர் இதை வாசலில் நின்றபடி, செருப்பைக் கழற்றாமல் படித்துக்காட்டினார்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஓய்வுநாள் பிறக்கறதுக்கு முன்னாடி, சாவியக் குடுத்துடும்மா. எனக்கும் மனசு கேக்கல. நாப்பது நாளா நானே தூங்கல.”

“தூங்கலைன்னா கொல்லைக்குப் போங்க, பெஞ்ச் காலியா இருக்கு,” என்றாள் மல்கா. கதவைச் சாத்தினாள். பிறகு பானையை, உழக்கை, அப்பாவின் கல்லுச் சட்டியை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே வைத்தாள். வைத்ததை மறுபடி எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

நப்தாலி கொல்லையிலிருந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். “படைச்சவன் இந்தக் கைய இப்படிப் படைச்சிருக்கான் மல்கா. இதுக்கு ஒரு வேலை வெச்சிருக்கான், அது தெரிஞ்சுபோச்சு. ஒரு கூரையும் எங்கயாவது வெச்சிருப்பான்.”

“கூரை இங்கதான் வெச்சிருக்கான். எங்கப்பா ஓடு மாத்தின கூரை. உங்களுக்குக் கைய மாத்திவெச்சவன் எனக்கு வீட்டையும் மாத்துவானாமா?” அறுப்புக் கத்தியை எடுத்துத் துணியில் சுற்றப் போனவள், பழக்கதோஷத்தில் அதன் வாயை இடதுகைக் கட்டைவிரல் நகத்தின்மேல் ஒரு முறை இழுத்தாள். கத்தியில் தலைமயிர் அளவுக்குப் பல் விழுந்திருந்தாலும் அறுத்தது ஆகாது. அதனால் ஒவ்வொரு வியாழனும் ஷோஹெத் அதை நகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். “நடுவுல இருந்து ரெண்டு விரக்கடை தள்ளி ஒரு பல்லு. போன வாரம் எங்க வெச்சீங்க இத? கிணத்து மேடையிலதானே?”

நப்தாலி சிரித்தார். “பதினெட்டு வருஷத்துல இந்தக் கத்திய நான் நகத்துல வெச்சு ஒரு பல்லும் கண்டுபிடிச்சதில்ல. நான் பார்ப்பேன், வழவழன்னு இருக்கும். அப்புறம் நீ பார்ப்ப, திட்டுவ, நான் தீட்டிக்கிட்டு வருவேன். நீ வாயத் திறக்கலைன்னாதான் கத்தி சுத்தம்னு அர்த்தம்.”

மல்கா கத்தியை நகத்திலிருந்து எடுக்கவில்லை.

“இன்னொண்ணு. சட்டத்துல முதல் விதி என்ன? கத்தி ஓட ஆரம்பிச்சா நடுவுல கண்ணிமைக்கிற நேரம்கூட நிக்கக்கூடாது. நின்னா கெட்டுது. ஒவ்வொரு தடவையும் எனக்குக் கை நின்னுடுமோன்னு உயிர் போயி வரும். உனக்கு ஆரம்பிச்சது எதுவாவது நடுவுல நின்னிருக்கா? மூச்சு விடக்கூட நீ நின்னதில்ல.”

“இத எப்போ சொல்றதுன்னு ஒரு கணக்கில்லையா உங்களுக்கு?” என்றாள் மல்கா. ஆனால் குரல் வழக்கத்தைவிட ஒரு படி கீழே இருந்தது. அவரே திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை மாலை நாலரைக்குப் பதினொரு குடும்பமும் ஜெபக்கூட முற்றத்தில் கூடியது, சாவி கைமாறுவதைத் துக்கத்தோடு பார்க்கவும், துக்கம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைக் கோழியைப் பற்றிப் பேசவும். ரஹ்மத் லாத்தாவும் பேரப்பிள்ளையோடு வந்து ஓரமாக நின்றாள். மல்கா சாவிக்குப் பதிலாகக் கத்தியைக் கொண்டுவந்தாள், அன்று காலையில் தானே தீட்டியது.

“மூப்பரே, இந்த ஊர்ல எந்தக் கல்யாணத்துலயும் நீங்க ஒரே பிரசங்கந்தானே பண்ணுவீங்க? அத இப்ப ஒரு தடவ சொல்லுங்க.”

மெயிர் மூப்பர் பிரசங்கம் என்றால் மறுக்கிறவர் இல்லை. தொண்டையைச் செருமினார். ஆண்டவன் பூனைக்கு நகத்தையும் கொடுத்து எலிமேல் ஆசையையும் கொடுத்தான். நாரைக்குக் காலையும் கொடுத்து மீன்மேல் ஆசையையும் கொடுத்தான். அதுபோல மனுஷனுக்கும் உடம்புக்கேற்ற ஒரு வேலையையும் அதன்மேல் ஒரு பிரியத்தையும் வைத்திருக்கிறான். அதைக் கண்டுகொண்டவன் அதையே பிடித்துக்கொண்டு, இனிப்போ கசப்போ, ஒரு நாள் கிடைக்காவிட்டாலும் கலங்காமல், சோறு போடுகிறவன் அவன் என்று இருக்க வேண்டும்.

“அப்போ எங்க வீட்டுக்காரருக்கு நகம் எங்க இருக்கு? நீங்க நாரையப் பிடிச்சு எலிக்கு அனுப்பினீங்க, பதினெட்டு வருஷம். அந்த ஜீவன் வாயத் திறக்காமப் போயிட்டு வந்துது. நகம் இங்க இருக்கு,” என்று தன் கட்டைவிரலைக் காட்டினாள்.

முற்றத்தில் ஒரு சலசலப்பு. “பொம்பளை…” என்று மூப்பர் ஆரம்பித்தார்.

“பெண்பூனை எலி பிடிக்காதா?”

இசக்கார் இருமினார், அது சிரிப்பு என்பது அவர் மனைவிக்கு மட்டும் தெரியும்.

“கூடாதுன்னு எழுதியிருக்கா, மூப்பரே?”

“எழுதல. நம்ம ஊர்ல வழக்கமில்ல.”

“கோழி தூங்கறதும் வழக்கமில்ல. அத மூணு மாசத்துல பழகிட்டீங்க. இன்ஸ்பெக்டருக்கு எங்க வீட்டுல தனித் தலையணையே இருக்கு.”

மூப்பர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்தார். அந்தக் காலத்தில் அவள் அப்பாவைச் சோதிக்க மூப்பரின் அப்பா வைத்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத ஒரு பல்லை அதில் வேண்டுமென்றே விழவைத்திருந்தார். மல்கா நகத்தில் இழுத்தாள். ஒரு தரம் போதுமாயிருந்தது. “பிடிகிட்ட ஒண்ணு. நுனிகிட்ட ஒண்ணு.”

“ஒண்ணுதான்,” என்றார் மூப்பர்.

“ரெண்டு. ரெண்டாவது நீங்க குடை கம்பி அறுத்தது.”

மூப்பர் கத்தியை வாங்கித் தன் நகத்தில் இழுத்தார், கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார், வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். முகம் மெதுவாகச் சிவந்தது. போன மழைக்காலத்தில் ஒரே ஒரு கம்பி, கடையில் வேறு ஒன்றும் கைக்கு அகப்படாமல். “சரி,” என்றார் கடைசியில், நாற்பது நாள் தூக்கமில்லாத குரலில். “ஓய்வுநாள் பிறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. என் கண்ணு முன்னால ஒரு கோழி. நிக்காம ஓடணும், அது துடிக்கணும். ஆச்சுன்னா பம்பாய்க்குத் தந்தி அடிச்சு அவர நிறுத்திடறேன். ஆகலைன்னா சாவி.”

நப்தாலியை முற்றத்தின் கோடிக்கு அனுப்பினார்கள், கோழி விழித்திருக்க வேண்டுமே. லாத்தா கொல்லையிலிருந்து ஒரு கறுப்புக் கோழியைக் கொண்டுவரப் போனாள். போகும்போது பேரப்பிள்ளையை அவசரத்தில் நப்தாலி பக்கத்தில் படுக்க வைத்துவிட்டுப் போனாள். கோழியோடு வந்தாள். கோழி விழித்திருந்தது, உரக்கவே விழித்திருந்தது. மல்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நாற்பத்துமூன்று வருஷம் எதற்கோ அவசரப்பட்டுக்கொண்டே இருந்தது இந்த ஒரு நொடிக்காகத்தான் என்பதுபோல உடம்பு முழுக்க ஒரு அமைதி வந்து உட்கார்ந்தது. அதை அவள் அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடித்தது, ஏனென்றால் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆசி சொல்ல வாயைத் திறந்தாள்.

கோழி அலறிய சத்தத்தில் குழந்தை விழித்து வீறிட்டது. நப்தாலி யோசிக்கவில்லை. பிறவிக் குணம் யோசித்தா வரும். எடுத்து மார்போடு அணைத்து, மெல்ல முனகினார்.

முதலில் இசக்கார் சாய்ந்தார், பிறகு அவர் மனைவி, பிறகு வரிசையாகப் பதினொரு குடும்பம், துணி கொடியிலிருந்து ஒவ்வொன்றாக நழுவுவதுபோல. லாத்தா கோழியை விட்டுவிட்டுத் தூணில் சரிந்தாள். கோழி பறந்து, தூக்கம் எட்டாத தூரத்தில், தெற்கு மதிலின் மேல் போய் நின்றது. மெயிர் மூப்பர், “என் கண்ணு முன்னால…” என்றபடியே படியில் உட்கார்ந்து கண்ணை மூடினார், நாற்பது நாளையும் சேர்த்து. முற்றத்தின் கோடியில் முனகல் நின்றிருந்தது; நப்தாலி தள்ளிப்போனால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று மல்கா திரும்பி, “ஏங்க” என்று ஆரம்பித்தாள். நப்தாலி குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு, சுவரில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷத்தில் வியாழன் முடிந்த வெள்ளியில் அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை.

வெயில் ஜெபக்கூடத்துக் கூரையை விட்டு இறங்கி மதிலுக்கு வந்தது. கறுப்புக் கோழி மதில்மேல் நின்று, ஒரு கண்ணால் கடலையும் ஒரு கண்ணால் மல்காவையும் பார்த்தது. அவளுக்கு எட்டாத உயரம், கையில் கத்தி, கீழே வைத்தால் பல் விழும். ஒரு சத்தம் போட்டால் போதும், அவர் எழுந்துவிடுவார், அவர் தள்ளிப்போனதும் அத்தனை பேரும் எழுந்துவிடுவார்கள். மல்கா மூச்சை இழுத்தாள். பிறகு, கான்வென்ட்டில் நூலகத்தில்கூடப் பேசியிராத மெல்லிய குரலில், யாரும் விழித்துவிடாதபடி கேட்டாள்:

“யாராவது அந்தக் கோழியக் கொஞ்சம் பிடிச்சுக் குடுங்களேன்.”